மருதோன்றி பற்றிய ஏழாவது வரி

மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

பயணத்துக்கு முன் பெண்களிடம் நீங்கள் கொடுக்கும் அறிவுறுத்தல் தாளை எடுத்துப் பாருங்கள். சப்பாத்து, கம்பளிக் காலுறை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கடந்து ஏழாவது வரிக்கு வாருங்கள். "விரல்களில் மருதோன்றி வைத்துக்கொண்டு வர வேண்டாம்" என்று இருக்கும். ஏன் என்று உங்களில் ஒரு பிள்ளை போன மாதம் என்னிடம் கேட்டாள். விரலில் கவ்வ விடுகிற ஒட்சிசன் மீற்றர் மருதோன்றிச் சாயத்தில் தடுமாறும் என்று வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த வரியைத் தாளில் சேர்த்தவன் நான். சேர்த்த காரணம் அது இல்லை. இப்போது அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு பெரிய விஷயங்களை எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பாதையால் ஏறுவது, எந்த முகாமில் எத்தனை நாள் தங்குவது என்பதெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் கிடைக்காது. கிடைத்தால் எனக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ஓர்ஸ் ஹில்லில் பிறந்து, துறைமுகத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஆபிரிக்காவின் அதி உயர மலை வாய்த்தது ஒரு வேடிக்கைதான். ஊருக்கு வரும் வெளிநாட்டவர்களைக் கோயிலுக்கும் கோட்டைக்கும் கூட்டிப்போகிற வேலையில் இருந்தேன். மூன்று மொழி தெரியும், வாய் ஓயாது. கொழும்பில் ஒரு நிறுவனம் நம் நாட்டு ஆட்களைக் கிளிமஞ்சாரோவுக்கு அனுப்பத் தொடங்கியபோது குழுத் தலைவனாக என்னைப் பிடித்தார்கள். வழி காட்டுவது, சமைப்பது, சுமப்பது எல்லாம் அந்த ஊர் ஆட்கள். நம் ஆட்களுக்கு என்ன ஏலும், என்ன ஏலாது என்று அறிந்து சொல்வது என் பொறுப்பு. யார் மேலே போவது, யாரை இறக்குவது என்பதை நானும் அங்குள்ள தலைமை வழிகாட்டியும் சேர்ந்து முடிவெடுப்போம். நான் பிடிவாதமாக நின்றால் பெரும்பாலும் அவர் விட்டுக்கொடுப்பார். இந்த விட்டுக்கொடுப்பை ஒரு மரியாதை என்று நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தலைமை வழிகாட்டியின் பெயரை எழுத மாட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெலிந்த ஆள். நடப்பவர்களின் முகத்தை அவ்வளவாகப் பார்க்க மாட்டார். சப்பாத்துக் கயிறு கட்டுவதைப் பார்ப்பார். ஒருவர் குனிந்து கயிறு கட்டி நிமிர எவ்வளவு நேரம் எடுக்கிறார், இரண்டு கயிறும் கட்டுகிறாரா, ஒன்றோடு நிறுத்திக் கொஞ்சம் இருந்து மூச்சு வாங்குகிறாரா என்று ஓரத்தில் நின்று கவனிப்பார். இதெல்லாம் ஒரு பரிசோதனையா என்று முதல் வருடம் மனதுக்குள் சிரித்தேன்.

என் தலைக்கு மீற்றர் எப்படி ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரையும் பார்த்து "எப்படிச் சுகம்?" என்று கேட்பேன். பத்துப் பேரும் "சுகம்" என்பார்கள். நம் ஆட்களைப் பற்றித் தெரியும்தானே, பிரேதப் பெட்டிக்குள் கிடந்தாலும் நாலு பேர் முன்னால் கேட்டால் சுகம் என்றுதான் சொல்வார்கள். அன்புவழிபுரத்தில் இருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் மூன்று நாள் "சுகம், சுகம்" என்று சொல்லி, நாலாம் நாள் தன் கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் துணியைத் தடவிக்கொண்டு நின்றார். விரலில் மீற்றரை மாட்டினேன். அந்த உயரத்தில் எண்பதாவது இருக்க வேண்டிய எண் அறுபதுகளில் இருந்தது. உடனே இறக்கினோம், பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் யாரையும் சுகம் கேட்பதில்லை. கூடாரம் கூடாரமாகப் போய் விரலைத்தான் கேட்பேன். மனிதர் மறைப்பார்கள், மீற்றர் மறைக்காது என்று ஒரு கொள்கையே வைத்துக்கொண்டேன். அந்த வங்கிக்காரர் வருடா வருடம் வீட்டுக்கு வந்து, இந்த மனிசன்தான் என் உயிரைத் தந்தவர் என்று எல்லோரிடமும் சொல்லுவார். அது எனக்கு நல்லதாகப் போகவில்லை.

ரைஹானா டீச்சர் எங்கள் குழுவில் சேர்ந்தது அதற்குப் பல வருடம் கழித்து. கிண்ணியாவில் பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கலியாணம் செய்யவில்லை. பெற்றோர் போன பிறகு அந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். தம்பி ஜவாத் இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடும்பத்தோடு இருந்தார், சைக்கிள் கடைக்காரர். அறுபதைத் தாண்டிய பெண், அதுவும் தனியாக என்று நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. ஆறு மாதம் விடியற்காலையில் கிண்ணியாப் பாலத்தை இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கும் அந்தக் கரையில் இருந்து இந்தக் கரைக்கும் நடந்தார். அபாயாவுக்குக் கீழே மலையேறும் சப்பாத்து. மீன்காரர்கள் முதலில் பகிடி பண்ணி, பிறகு சலாம் சொல்லி, கடைசியில் இன்றைக்கு எத்தனையாவது சுற்று என்று எண்ணத் தொடங்கிவிட்டார்களாம். வைத்தியரின் சான்றிதழும் சுத்தமாக இருந்தது. ஏன் இந்த ஆசை என்று கேட்டேன்.

"முப்பது வருசமா சுவர்ல தொங்கின படத்துல குச்சியால தொட்டுக் காட்டின மலை தம்பி இது. ஒருக்காவாவது காலால தொட்டுப் பாக்கணும்" என்றார்.

எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப் போயிற்று. இதையும் பிழைகளின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடித்த ஆளைப் பற்றி முடிவெடுக்கிறபோது நம் கண்ணில் ஒரு பூ விழுந்துவிடும்.

மலையடி ஊரில், ஹோட்டல் வரவேற்பறையில் எல்லோருக்கும் முதல் தடவை மீற்றர் பார்த்தேன். அங்கே உயரம் பெரிதில்லை. எல்லோருக்கும் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. டீச்சர் மேசையில் இருந்து ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். எழுதுவதை நிறுத்தாமல் இடது கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் கருஞ்சிவப்பாக மருதோன்றி. பயணம் போகுமுன் வைப்பது தன் பழக்கம் என்று சிரித்தார். மீற்றர் முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு தொண்ணூறு என்றது. ஆள் சுகமாக இருந்தார், பேச்சு தெளிவு, மாடிப்படி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. சாயம்தான் வெளிச்சத்தை மறிக்கிறது என்று கண்டுபிடித்தேன். மருதோன்றி எட்டைக் குறைக்கிறது, ஆகவே டீச்சருக்கு எட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று என் கொப்பியில் எழுதியும் வைத்தேன். எனக்கு என்னைப் பற்றி ஒரே பெருமை.

அடுத்த மூன்று நாளும் அப்படியே போயிற்று. பின்னேரம் முகாமுக்கு வந்ததும் கூடாரம் கூடாரமாகப் போவேன். டீச்சரின் வாசலில் குந்தியிருந்து, "டீச்சர், கையைத் தாங்கோ" என்பேன். இடது கையுறையைக் கழற்றி நீட்டுவார். எண் வரும்வரை நான் மீற்றரைப் பார்ப்பேன், அவர் தூரத்தில் மேகத்துக்கு மேலே நிற்கும் உச்சியைப் பார்ப்பார். நான் எண்ணை எழுதி, எட்டைக் கூட்டுவேன். போகும்போது மற்றக் கையால் ஒரு பேரீச்சம்பழம் எடுத்துத் தருவார். கிண்ணியாவில் இருந்து ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். மறுத்தால் விடமாட்டார். பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் நான் வாயில் போடும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலாம் நாள் எண் எழுபத்தைந்து. எட்டைக் கூட்டினால் எண்பத்துமூன்று. அந்த உயரத்தில் மற்றவர்களுக்கும் எண்பது, எண்பத்தைந்து என்றுதான் இருந்தது. சரிதானே என்று கொப்பியை மூடினேன். அன்றைக்குப் பேரீச்சம்பழம் தர மறந்துவிட்டார். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

தலைமை வழிகாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சமையல் கூடாரத்துக்குப் பின்னால் நின்று கதைத்தோம். அந்த அம்மா காலையில் ஒரு சப்பாத்துக் கயிற்றைத்தான் கட்டினார், மற்றதை உள்ளே செருகிவிட்டு நடந்தார் என்றார். இரண்டு நாளாக வரட்டு இருமல் கேட்கிறது, நாளைக்கு மேல்முகாமுக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒரு ஆளைச் சேர்த்துக் கீழே அனுப்புவோம் என்றார். நான் கொப்பியை விரித்தேன். மருதோன்றிக் கணக்கை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்படியென்றால் காது மடலில் மாட்டிப் பார், அல்லது கால் விரலில் மாட்டிப் பார் என்றார். முக்காடு போடுகிற பெண், எங்கள் ஊரில் ஓர் ஆண் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்றேன். தன் மனைவியும் முக்காடு போடுகிறவள்தான், கேட்டால் வேண்டும் வேண்டாம் என்று அவளே சொல்லிக்கொள்வாள் என்று அவர் சொன்னார். சுமப்பவர்களில் ஒரு பெண் இருக்கிறாள், உனக்குக் கூச்சம் என்றால் அவளை மீற்றரோடு அனுப்பலாம் என்றும் சொன்னார்.

நான் தலையை ஆட்டிவிட்டு டீச்சரிடம் போனேன். அந்தப் பெண்ணைக் கூட்டிப்போகவில்லை. போகும் வழியிலேயே என் மனம் முடிவெடுத்துவிட்டது.

இந்த இடத்தைத் தயவுசெய்து மெல்ல வாசியுங்கள். கூச்சம் என்பது நான் அவருக்குச் சொன்ன காரணம், எனக்கும் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. சரியான எண் கிடைத்தால் அதன்படி நடக்க வேண்டி வரும். எண் சந்தேகமாக இருக்கும்வரை முடிவு என் கையில் இருக்கும். அந்தக் குழுவில் எல்லோரும் உச்சியைத் தொட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதிலும் இந்த மனுசியை, படத்தில் குச்சியால் தொட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று பேராசை. மருதோன்றி எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

டீச்சர் கூடார வாசலில் சாய்ந்திருந்தார். நாட்குறிப்பு மடியில் விரிந்து கிடந்தது. வழமையாக ஒரு பக்கம் நிறைய எழுதுவார். அன்றைக்கு இரண்டு வரியோடு நின்றிருந்தது. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"தம்பி, என்ன கீழ எறக்கப் போறீங்களா?"

சுகம் எப்படி என்று கேட்டேன். இத்தனை வருடம் கேட்காத கேள்வி. என்ன பதில் வரும் என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"சுகம்தான். கொஞ்சம் இருமல், குளிருக்கு. நீங்க சொன்னா எறங்கிடுவன். நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார். இதை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் அடம் பிடிக்கவில்லை, கெஞ்சவில்லை. முடிவை என் கையில் வைத்தார். நான், "ஒண்டும் யோசியாதேங்கோ டீச்சர், நம்பர் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னேன். தலைமை வழிகாட்டியிடம் திரும்பி வந்து, பார்த்துவிட்டேன், சரி என்றேன். காதில் பார்த்தாயா, காலில் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. என் சொல்லை நம்பினார்.

அடுத்த நாள் மதியம் தாண்டி மேல்முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் கடைசி ஆளாக வந்தார். வந்து ஒரு கல்லில் இருந்தவர் எழும்பவில்லை. உதடு நீலம். தலைமை வழிகாட்டி ஓடிப்போய் அவர் முதுகில் காதை வைத்தார். மீற்றரை எடுக்கக்கூட இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வா, நீயும் கேள் என்று கையைக் காட்டினார். நானும் காதை வைத்தேன். மூச்சு இழுக்கும்போது உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

ஒட்சிசன் கொடுத்து, ஒற்றைச் சில்லில் உருளும் தூக்குக் கட்டிலில் கட்டி, ஆறு பேர் மாறி மாறி இறக்கினார்கள். நான் பக்கத்தில் ஓடினேன். சரளைக்கல்லில் சில்லு துள்ளும்போதெல்லாம் அவர் கண்ணைத் திறந்தார். முதலில் ஓதிக்கொண்டு வந்தார், உதடு அசைவது தெரிந்தது. பிறகு ஒரு இடத்தில், "ஜவாத்துக்கிட்ட செல்லுங்க" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று குனிந்து கேட்டேன். அதற்கு மேல் வரவில்லை. மரங்கள் தொடங்குகிற உயரத்துக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாகனம் ஏறக்கூடிய இடம் அங்கிருந்து ஒரு மணித்தியால நடை. தூக்கிக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே நின்றார்கள். தலைமை வழிகாட்டி தன் தொப்பியைக் கழற்றினார். நான் தொடர்ந்து நடந்தேன். யாரோ என் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

கீழே வந்து ஜவாத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுகைக்கு நடுவில் என்ன நடந்தது என்று அவர் கேட்டார். நான் சொன்ன முதல் வசனத்தில் மருதோன்றி இருந்தது. "மருதோன்றி இருந்தபடியால மீற்றரை நம்ப ஏலாமப் போச்சு தம்பி." யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. ஒரு சொல்லிலும் பொய் இல்லை. பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்றலாம் என்பதை அன்றைக்குப் பழகிக்கொண்டேன்.

ஜவாத்தின் சம்மதத்தோடு டீச்சரை அந்த மலையடி ஊரிலேயே அடக்கினோம். ஊர்ப் பெண்கள் குளிப்பாட்டினார்கள். மையவாடியில் நின்று பார்த்தால் மலை முழுதாகத் தெரிகிறது. நாடு திரும்பியதும் அவருடைய பையைக் கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். ஜவாத் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்வீங்க அண்ணன், அந்த மருதோன்றியால வந்த வினை" என்று என்னைத் தேற்றினார். நான் தேற்ற விட்டேன். நிறுவனத்தில் விசாரித்தார்கள், அங்கும் அதையே சொன்னேன். சான்றுக்குக் கொப்பியைக் காட்டினேன். ஒழுங்காக எழுதிய ஆள் என்று பாராட்டும் கிடைத்தது. இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அப்போதுதான் ஏழாவது வரி பிறந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் மலைக்குப் போனேன், பிறகு பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தேன். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது மருதோன்றியின் ஆபத்தைப் பற்றிச் சொல்லித் தொண்டை கம்முவேன். உங்களில் சிலர் கண் கலங்கினீர்கள். அந்தக் கண்ணீரை இப்போது திருப்பித் தர வழியில்லை.

தலைமை வழிகாட்டி மட்டும் என்னிடம் மருதோன்றியைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அடுத்த குழுவோடு போனபோது ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். வழமைபோல் ஓரத்தில் நின்று சப்பாத்துக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய கயிற்றையும் பார்த்தார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம். போன கிழமை ஜவாத்தின் மூத்த மகளுக்குக் கலியாணம். அழைப்போடு அவரே ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து, முதல் நாளே வர வேண்டும், வீட்டு ஆள் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் பின்னேரம் போனேன். முற்றத்தில் பந்தல் போட்டுக் கதிரைகள் பரப்பியிருந்தன. குசினிப் பக்கம் சமைக்கும் பெண்களின் சத்தம். மணமகள் வந்து எனக்குத் தேத்தண்ணீர் தந்தாள். தட்டை நீட்டிய கைகளில் ஒன்றும் இல்லை. வெறும் கை. கலியாணத்துக்கு முதல் நாள் கிண்ணியாவில் ஒரு மணப்பெண்ணின் கை வெறுமையாக இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் பார்ப்பதை ஜவாத் கண்டுவிட்டார்.

"ராத்தாட மவுத்துக்குப் பொறகு எங்கட வீட்டுல யாரும் வெக்கிறல்ல. பின்னால நிண்ட மரத்தையும் வெட்டிட்டம். மகள் கேட்டுப் பாத்தா, எனக்கு மனசு வரல்ல" என்றார்.

அவர் தன்பாட்டில் அக்காவின் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். பாலத்தில் நடந்தது, மீன்காரர்கள் எண்ணியது. பயணத்துக்கு முதல் நாள் மரத்தில் இலை பறித்துத் தானே அரைத்து வைத்தது. மனைவி போய், மற்றக் கைக்கும் நான் வைத்து விடுகிறேன் என்று கேட்டாளாம்.

"வேணாம் புள்ள, பெட்டி அடுக்க ஒரு கை வேணுமேண்டு செல்லிட்டா. தனிய இருந்தவதானே அண்ணன், எப்பவும் அவவே வெக்கிற. எடது கைக்கு மட்டும்தான் வெப்பா. வலது கை சும்மாதான் இரிக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அது அக்காவின் ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

நான் அந்த வலது கையைப் பார்த்திருக்கிறேன், தம்பி தங்கச்சிமாரே. ஒரு நாள் இல்லை. ஹோட்டலில் படிவம் எழுதிய கை. சாப்பாட்டுக் கூடாரத்தில் கரண்டி பிடித்த கை. பின்னேரத்துக்குப் பின்னேரம் எனக்குப் பேரீச்சம்பழம் தந்த கை. அந்த விரல்களில் இருந்து எடுத்து வாயில் போட்டிருக்கிறேன். சாயமே இல்லாத ஐந்து விரல் என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது. காதும் வேண்டாம், காலும் வேண்டாம், முக்காட்டில் கை வைக்க வேண்டாம், சுமக்கும் பெண்ணைக் கூப்பிட வேண்டாம். டீச்சர், மற்றக் கையைத் தாங்கோ என்றால் போதும். அதைக் கேட்க எந்த ஊரிலும் கூச்சப்பட ஒன்றும் இல்லை. எட்டைக் கூட்டத் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்று எனக்குள் ஒருவன் காவல் இருந்தான்.

சொல்லாமல் எழும்பி வந்திருக்கலாம். கலியாண வீடு, நல்ல காரியம், இன்னொரு நாளைக்குச் சொல்லலாம் என்று மனம் வழமைபோல் ஒரு வசதியான காரணத்தைக் கொண்டுவந்து நீட்டியது. அந்தப் பிள்ளை வெறும் கையோடு அடுத்த கதிரைக்குத் தட்டைக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள். நான் சொன்ன மருதோன்றிப் பழியை எட்டு வருடம் சுமந்தவர்கள் இவர்கள். நாளைக்கு அவள் அந்தக் கையோடு மேடையில் இருக்கப் போகிறாள்.

ஜவாத்தைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். தலைமை வழிகாட்டி இறக்கச் சொன்னதை, டீச்சர் முடிவை என்னிடம் விட்டதை, நம்பர் நல்லாத்தான் இருக்கு என்று நான் சொன்னதை. கடைசியில், "மருதோன்றியில ஒரு பிழையும் இல்ல தம்பி. மற்றக் கையை நான் கேக்கேல்ல. கேட்டிருந்தா தந்திருப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து மன்னிப்பும் வரவில்லை, ஏச்சும் வரவில்லை. இரண்டையும் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. பிறகு எழும்பினார். குசினி வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தவர்களிடம் சொன்னார்.

"பக்கத்து வீட்டுல மருதோன்றி நிக்கிது. பறிச்சி அரைங்க. புள்ளைக்கி ரெண்டு கைக்கும் வெய்ங்க."

அவர் முற்றத்துக்குத் திரும்பி வரவில்லை. நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, பாலம் வரைக்கும் நடந்தே வந்து பஸ் எடுத்தேன்.

ஏழாவது வரியை வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் வேறொன்றும் எழுத வேண்டாம். வெட்டிய அடையாளம் அப்படியே தெரியட்டும். யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.